கடலோர விமான நிலையமும் நள்ளிரவுப் பயணச்சீட்டும்

திருவனந்தபுரம் விமான நிலையத்தைப் போல் கடலுக்கு இத்தனை அருகில் அமைந்த விமான நிலையங்கள் நம் நாட்டில் சிலவே. மேற்கே அரபிக்கடல், கிழக்கே பார்வதி புத்தனாறு என்னும் பழைய கால்வாய். திருவிதாங்கூரை கௌரி பார்வதிபாய் ஆண்ட காலத்தில், படகுப் போக்குவரத்துக்காக வெட்டப்பட்டது அக்கால்வாய். இவ்விரண்டு நீர்ப்பரப்புகளுக்கும் இடையே, கடற்கரையை ஒட்டியவாறு, ஏறத்தாழ 3.4 கிலோமீட்டர் நீளத்திற்கு ஓடுபாதை நீண்டு கிடக்கிறது.

இதன் வரலாறும் பழையது. 1935 ஆம் ஆண்டில் டாடா நிறுவனத்தின் சிறிய விமானம் ஒன்று பம்பாயிலிருந்து இங்கே வந்து இறங்கியது. அரச குடும்பத்தைச் சேர்ந்த கோதவர்ம ராஜா இதற்காகப் பெரிதும் உழைத்தார். 1991 இல் இது பன்னாட்டு விமான நிலையமாக உயர்த்தப்பட்டது. 2011 இல் புதிய பன்னாட்டு முனையம் திறக்கப்பட்டது. 2021 அக்டோபரில் நிர்வாகம் அதானி குழுமத்தின் கைக்கு மாறியது.

இத்தனை விவரங்களையும் ஒரு குடும்ப இதழில் ஏன் எழுத வேண்டும் என்று வாசகர்கள் கேட்கலாம். காரணம் உண்டு. சென்னையிலும் பெங்களூருவிலும் பிழைக்கச் சென்ற தென்மாவட்டக் குடும்பங்கள் பலவற்றுக்கு வெளிநாடு செல்லும் வாசல் இதுவே. கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 ஆம் தேதி வரை திருவிதாங்கூரோடு இருந்த பகுதி. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் சுமார் 70 கிலோமீட்டர்தான். வளைகுடாவுக்குக் கூலி வேலைக்குச் சென்ற நம் தகப்பன்மார்களில் அநேகர் இங்கிருந்துதான் விமானம் ஏறினார்கள். இன்றோ அவர்களுடைய பிள்ளைகள் முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு, குறைந்த கட்டண விமானங்களில் ஊர் பார்க்கப் புறப்படுகிறார்கள். வழி ஒன்றே, ஆனால் அவ்வழியில் சில கண்ணிகள் உண்டு.

முதுகுப்பையோடு புறப்பட்ட அத்தை

சென்ற ஆண்டு எங்கள் சபையின் வாலிபர் இருவர் மலேசியாவைச் சுற்றிப் பார்க்கத் திட்டமிட்டார்கள். இருவரும் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் வேலை செய்கிறவர்கள். படுக்கைக்கு இவ்வளவு என்று வாடகை வாங்கும் விடுதிகளில் தங்குவது, பேருந்திலும் இரயிலிலும் மட்டுமே செல்வது, ஆளுக்கு ஒரே ஒரு பை என்பது அவர்களுடைய ஒழுங்கு. இந்தியர்கள் முப்பது நாட்கள் வரை விசா இல்லாமல் வரலாம் என்று மலேசிய அரசு 2023 டிசம்பர் முதல் சலுகை வழங்கியிருந்தது அவர்களுக்குத் துணிவு தந்தது. அச்சலுகை பின்னர் 2026 இறுதி வரை நீட்டிக்கப்பட்டது.

இதைக் கேள்விப்பட்ட என் அத்தை, "நானும் வருகிறேன்" என்றார்கள். அவர்களுக்கு வயது ஐம்பத்தெட்டு. ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் பதினெட்டு ஆண்டுகள் தையல் வேலை பார்த்தவர்கள். அவர்களுடைய தங்கை திருமணமாகி ஈப்போ நகருக்குச் சென்று இருபத்தாறு ஆண்டுகள் ஆகிவிட்டன. தாயார் மரித்தபோதுகூட அந்தத் தங்கையால் வர முடியவில்லை. அக்காளும் தங்கையும் கைப்பேசித் திரையில்தான் ஒருவரையொருவர் பார்த்துக் கண்ணீர் விட்டார்கள். சீட்டுப் பணம் எடுத்து, போக வர 14,000 ரூபாய்க்குப் பயணச்சீட்டு வாங்கினார்கள் அத்தை. துணைக்கு நானும் சேர்ந்துகொண்டேன்.

பயணச்சீட்டில் கண்டிருந்த நேரம் சனிக்கிழமை 00.25. குறைந்த கட்டண விமானங்கள் பலவும் இப்படி நள்ளிரவை ஒட்டியே புறப்படுகின்றன. "சனிக்கிழமை இரவு புறப்படுகிறேன்" என்று அத்தை தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தார்கள். வாலிபரில் மூத்தவர்தான் அதைத் திருத்தினார். 00.25 என்றால் வெள்ளிக்கிழமை நள்ளிரவு கடந்து இருபத்தைந்தாவது நிமிடம். விமான நிலையத்தில் வெள்ளிக்கிழமை இரவே இருக்க வேண்டும். அவர் கவனியாதிருந்தால் நாங்கள் ஒரு முழு நாள் பிந்திச் சென்று நின்றிருப்போம்.

பாலராமபுரத்தில் ஒன்றரை மணி நேரம்

சொந்த ஊரில் இரண்டு நாட்கள் தங்கிவிட்டு, வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணிக்கு நாகர்கோவில் வடசேரியில் பேருந்து ஏறினோம். ஒன்பதரைக்குள் தம்பானூர் சேர்ந்துவிடலாம் என்பது கணக்கு. களியக்காவிளை எல்லையையும் நெய்யாற்றின்கரையையும் கடந்தோம். பாலராமபுரத்தை நெருங்கியபோது வண்டி நின்றது. முன்னே தடி ஏற்றிய லாரி ஒன்று அச்சு முறிந்து குறுக்கே நின்றதாகச் சொன்னார்கள்.

பாலராமபுரம் கைத்தறிக்குப் பெயர் பெற்ற ஊர். பாலராமவர்மா மன்னர் காலத்தில், இருநூறு ஆண்டுகளுக்கு முன், தமிழ் பேசும் சாலியர் குடும்பங்கள் தெற்கேயிருந்து அழைத்து வரப்பட்டு இங்கே குடியமர்த்தப்பட்டன. கசவுக் கரை போட்ட வெண்ணிற வேட்டியும் புடவையும் அவர்கள் கைவண்ணமே. பகலில் இறங்கிப் பார்க்கத் தகுந்த ஊர்தான். அன்றிரவோ எங்கள் கண்கள் கடிகாரத்தை விட்டு அகலவில்லை. தலைநகரிலிருந்து அகலமாக வரும் நெடுஞ்சாலை அவ்விடத்திற்குத் தெற்கே குறுகிய பழைய பாதையாகிவிடுகிறது. சந்திப்பில் ஒரு வண்டி நின்றால் இருபுறமும் அடைந்துவிடும்.

மணி ஒன்பதாயிற்று; ஒன்பதரையாயிற்று; பத்தாயிற்று. அத்தை ஒன்றும் பேசவில்லை. கையிலிருந்த சிறு பையை மடியில் வைத்து, அதன் பிடியைத் திருகிக்கொண்டே இருந்தார்கள். பத்தே கால் மணிக்குத்தான் வண்டி நகர்ந்தது. தம்பானூரில் இறங்கியபோது பத்து நாற்பது. பன்னாட்டு விமானத்திற்குப் பதிவு மேசையை அறுபது நிமிடங்களுக்கு முன் மூடிவிடுவார்கள். அதாவது 11.25. மீதி நாற்பத்தைந்து நிமிடங்கள்.

இரண்டு முனையங்கள், நடுவே ஓடுபாதை

இரண்டு ஆட்டோக்களில் ஏறி, "விமான நிலையம்" என்றோம். ஓட்டுநர்கள் நல்ல மனதோடு விரைந்து ஓட்டினார்கள். கடற்காற்று முகத்தில் அடித்தது, அலையோசை கேட்டது. இறங்கிய இடம் சங்குமுகம் கடற்கரையை ஒட்டிய உள்நாட்டு முனையம். வாசலில் நின்ற காவலர் பயணச்சீட்டைப் பார்த்துவிட்டு, "இவிடெயல்ல அம்மச்சி, சாக்கையில் போகணம்" என்றார்.

வாசகர்கள் இதை நன்றாய்க் கவனிக்க வேண்டும். திருவனந்தபுரத்தில் உள்நாட்டு முனையம் ஓடுபாதைக்கு மேற்கே, கடல் பக்கம் இருக்கிறது. பன்னாட்டு முனையம் கிழக்கே, சாக்கையில், புறவழிச்சாலையை ஒட்டி இருக்கிறது. ஒன்றிலிருந்து மற்றொன்று கண்ணுக்குத் தெரியும். நடந்து செல்ல வழி கிடையாது. ஓடுபாதையைச் சுற்றிக்கொண்டு சாலை வழியாகச் சில கிலோமீட்டர் செல்ல வேண்டும். உள்நாட்டு நகரங்களுக்குச் செல்லும் விமானங்களிலும் சில பன்னாட்டு முனையத்திலிருந்து புறப்படுவதுண்டு. ஆகவே ஊர்ப் பெயரை வைத்து முடிவு செய்யாமல், பயணச்சீட்டில் முனையம் ஒன்றா இரண்டா என்று பார்த்து, ஓட்டுநரிடம் "சங்குமுகம்" அல்லது "சாக்கை" என்று இடத்தின் பெயரைச் சொல்வதே உத்தமம்.

மறுபடியும் ஆட்டோ ஏறினோம். ஆல் செயின்ட்ஸ் கல்லூரி வழியாகச் சுற்றிச் சாக்கையை அடைந்தபோது மணி 11.09. இன்னும் பதினாறு நிமிடங்கள்.

பதிவு மேசையில் வேறு இரண்டு தடைகள் காத்திருந்தன. மலேசியாவுக்குச் செல்கிறவர்கள், வந்து சேரும் நாளுக்கு முந்தின மூன்று நாட்களுக்குள் வருகை விவரத்தை இணையத்தில் பதிவு செய்ய வேண்டும் என்பது 2024 ஜனவரி முதல் விதி. எங்கள் மூவருக்கும் அது ஆகியிருந்தது. அத்தைக்கு ஊரில் உறவினர் ஒருவர், "அங்கே இறங்கிப் போட்டுக்கொள்ளலாம்" என்று சொல்லித் தடுத்திருந்தார். இளைய வாலிபர் தரையில் உட்கார்ந்து, கைப்பேசியில் கடவுச்சீட்டு எண்ணையும் ஈப்போ முகவரியையும் தட்டச்சு செய்தார். அதே வேளையில் அத்தையின் பை தராசில் ஏறியது. அனுமதி 7 கிலோ; காட்டியது 9 கிலோ. உள்ளே இரண்டு உடைகளும் மீதியெல்லாம் தங்கைக்கான கருப்பட்டியும் முந்திரிக்கொத்தும். மூத்தவர் தயங்காமல் தம் பையிலிருந்து கனமான காலணியை எடுத்து அணிந்துகொண்டு, அந்த இடத்தில் கருப்பட்டியை வைத்தார். மீதியை நான் வாங்கிக்கொண்டேன். மேசையிலிருந்த பெண்மணி புன்னகைத்து, நான்கு நுழைவுச்சீட்டுகளையும் நீட்டினார். நாங்கள் நகர்ந்த சில நிமிடங்களில் மேசை மூடப்பட்டது.

காலை ஏழு மணியளவில் கோலாலம்பூரில் இறங்கினோம். அன்று பிற்பகலில் ஈப்போ இரயில் நிலையத்தில் அந்தச் சகோதரிகள் இருவரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு நின்ற நேரத்தை நான் அளக்கவில்லை. கருப்பட்டி ஒன்றும் உடையாமல் போய்ச் சேர்ந்தது.

தெரிந்து வைக்க வேண்டியவை

மிகக் குறைந்த விலைச் சீட்டுகளில் விமானத்தைத் தவறவிட்டால் அடிப்படைக் கட்டணம் பெரும்பாலும் திரும்ப வராது. ஆயினும் அச்சீட்டோடு வசூலித்த அரசு வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் திருப்பித் தர வேண்டும் என்பது நம் நாட்டு விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி. சலுகைச் சீட்டுக்கும், ஏறாமல் போனவர்க்கும் இது பொருந்தும். அநேகர் இதை அறியாமல் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

இந்த நகரத்திற்கே உரிய நாட்களும் உண்டு. பத்மநாபசுவாமி கோயிலின் ஆறாட்டு ஊர்வலம் ஆண்டுக்கு இருமுறை, பங்குனியிலும் ஐப்பசியிலும், ஓடுபாதையைக் கடந்து சங்குமுகம் கடலுக்குச் செல்கிறது. ஊர்வலப் பாதை விமான நிலையத்தைவிடப் பழையது. அந்நாட்களில் மாலையில் ஏறத்தாழ ஐந்து மணி நேரம் விமானங்கள் நிறுத்தப்பட்டு, நேரங்கள் மாற்றியமைக்கப்படுகின்றன. ஆற்றுக்கால் பொங்கல் நாளில், பெரும்பாலும் பிப்ரவரி அல்லது மார்ச்சில், இலட்சக்கணக்கான பெண்கள் நகரத் தெருக்களில் அடுப்பு மூட்டுவதால் சாலைகள் அடைபடும். முழு அடைப்புக்கு ஏழு நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்று 2019 ஜனவரியில் கேரள உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது பயணிகளுக்கு ஒரு நன்மை. சீட்டு வாங்குமுன் இந்நாட்களைப் பார்த்துக்கொள்வது நலம்.

முடிந்தால் அன்று காலையிலேயே நகரம் சேர்ந்துவிடுங்கள். இரயிலில் வருகிறவர்களுக்கு நெடுஞ்சாலை நெரிசல் இல்லை. கொச்சுவேளி நிலையம் 2024 முதல் திருவனந்தபுரம் வடக்கு என்று அழைக்கப்படுவதையும் நினைவில் கொள்ளுங்கள். தம்பானூர்ப் பேருந்து நிலையத்தின் அருகே, செங்கல்லால் திருகுபோல் எழும் இந்தியன் காபி ஹவுஸ் இருக்கிறது. இங்கிலாந்தில் பிறந்து இந்நகரத்திலேயே 2007 இல் மறைந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் அமைத்தது. உள்ளே படிகள் இல்லை; சரிந்து ஏறும் சுற்றுப்பாதையின் ஓரமாகவே மேசைகள். குறைந்த செலவில் வயிறு நிறையும். மாலையில் சங்குமுகம் கடற்கரையில், கானாயி குஞ்ஞிராமன் செதுக்கிய பிரம்மாண்டமான சாகரகன்னிகை சிற்பத்தைக் காணலாம். ஒன்றும் செலவில்லை, விமானமும் தவறாது.

வசதியுள்ளவர் ஒரு விமானத்தைத் தவறவிட்டால் அடுத்ததில் ஏறுவார். நம்மில் அநேகருக்கு அது இரண்டு ஆண்டுகளின் சேமிப்பு. சிலருக்கு அது ஒரு முகத்தை மறுபடியும் காண்பதற்கான ஒரே சந்தர்ப்பம். ஆகவே பிரியமானவர்களே, உங்கள் சபையிலோ தெருவிலோ முதன்முறையாக விமானம் ஏறப்போகும் பெரியவர் ஒருவர் இருப்பாரானால், வழியனுப்ப மாலை வாங்குமுன் அவருடைய பயணச்சீட்டை வாங்கி, தேதி, நேரம், முனையம், எடை, இணையப் பதிவு ஆகிய ஐந்தையும் அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். பத்து நிமிட வேலைதான்.