கல் குடித்த தண்ணீர்

கடல் சூழ்ந்த தீவில், அதுவும் மழைக்குக் குறைவில்லாத தீவில், குடிநீருக்காக நாம் தவித்தோம் என்றால் வாசக அன்பர்களுக்கு வியப்பாகவே இருக்கும். நமக்கும் அவ்வாறே இருந்தது.

மொசாம்பிக் கரைக்கும் மடகாஸ்கருக்கும் நடுவே உள்ளன கொமோரோ தீவுகள். நிலவைக் குறிக்கும் 'கமர்' என்னும் அரபுச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. அவற்றுள் பெரியதை அங்குள்ளோர் ங்காஸிஜா என்பர். நம் கடற்கரை ஊர்களிற்போன்றே அங்கும் ஷாஃபிஈ மத்ஹபினரே மிகுதி. தலைநகர் மொரோனியில், துறைமுகத்தை ஒட்டி வெள்ளை வெளேரென நிற்கும் பழைய ஜும்ஆப் பள்ளி 1427இல் எழுந்தது என்பர். 2018ஆம் ஆண்டு செப்டம்பரில் அங்குச் சென்ற நாம், நகரில் இரு நாட்கள் தங்கிவிட்டு, பழைய கார் ஒன்றை ஓட்டுநரோடு வாடகைக்கு அமர்த்திக்கொண்டு கிழக்குக் கரையை நோக்கிப் புறப்பட்டோம்.

தீவின் வடபால் லா கிரில் மலை. தென்பால் 2,361 மீட்டர் உயர்ந்த கர்தாலா. பின்னது இன்னும் உயிருள்ள எரிமலை. 1977இல் அதன் சரிவிலிருந்து வழிந்த தீக்குழம்பு, சிங்கானி என்னும் ஊரின் வீடுகளை எரித்துக்கொண்டு சென்றது. இரு மலைகளுக்கும் இடையே திபோயினி மேட்டுநிலம். அங்கே அவிந்துபோன சிறு எரிமலைக் கூம்புகள் பசும்புல் போர்த்துக் கிடக்கின்றன. அதைக் கடந்து இறங்கியதும் பாதை தன் உண்மை உருவைக் காட்டியது. தார் இருந்த இடத்தில் பள்ளம். பள்ளமில்லாத இடத்தில் கருங்குழம்பு இறுகிய பாறை. உடைந்த கண்ணாடியின் விளிம்புபோல் கூர்மையான பாறை! நடந்து சென்றிருந்தால் விரைவிற் சேர்ந்திருப்போம் என்று தோன்றிற்று.

ஆனால் சொமோனிக் கடற்கரையைக் கண்டதும் அந்த அலுப்பெல்லாம் பறந்தது. கரியைப் போன்ற பாறைகளுக்கு நடுவே பவளம் பொடிந்த வெண்மணல். ஆளரவமே இல்லை. மிதவைக் கட்டை பூட்டிய கலாவா என்னும் சிற்றோடம் ஒன்று மட்டும் கரையேறிக் கிடந்தது. லுஹர் நேரம். தயம்மும் செய்யப் புழுதி வேண்டும் என்பது நம் மத்ஹபின் முடிவு; அந்தப் பாறையில் புழுதிக்கு எங்கே போவது? நல்ல வேளையாக, அதற்குத் தேவை எழவில்லை. கடல்நீர் ஒளுவுக்கு உகந்ததே. ஒளுச் செய்து, தொழுது, கொண்டுவந்த தண்ணீரையெல்லாம் தாராளமாகக் குடித்து முடித்தோம்.

கரையிலிருந்து தெற்கே சிறிது தொலைவு சென்றதும் டயர் கிழிந்தது. மாற்று டயரிலும் காற்றில்லை. ஓட்டுநர் அதை உருட்டிக்கொண்டு அடுத்த ஊருக்கு நடந்தார். நாம் வெயிலில் இரண்டு மணி நேரம் காத்திருந்து, நா வறண்டு, சற்றுத் தள்ளித் தெரிந்த ஒரு தகரக் கூரை வீட்டின் முன் போய் நின்று ஸலாம் சொன்னோம்.

ஒரு மூதாட்டி வெளியே வந்தார். நம் சைகையைப் பார்த்ததும் வீட்டோரத்துச் சிமெண்டுத் தொட்டியின் மூடியை நகர்த்திக் கயிறு கட்டிய தகர டப்பாவை உள்ளே விட்டார். கயிறு இறங்கிக்கொண்டே போயிற்று. அடியில் தகரம் உரசும் ஒலி கேட்டது. கேட்டும் நமக்கு உறைக்கவில்லை. பிஸ்மில்லாஹ் சொல்லிக் குடித்தோம். குடித்ததோடு நின்றோமா? உப்புப் பூத்த முகத்தையும் கைகளையும் கழுவ வேண்டுமென்று மீண்டும் சைகை செய்தோம். அவர் முகம் சுளிக்காமல் இன்னொரு முறை இறைத்துத் தந்தார். நாம் கழுவிய நீர் காலடியிலிருந்த கல்லில் விழுந்த கணமே மறைந்தது. ஈரம்கூடத் தங்கவில்லை.

திரும்பி வந்த ஓட்டுநர் நம் நனைந்த சட்டையைப் பார்த்தார். பின்பு தொட்டியைப் பார்த்தார். "மழைக்காலம் தொடங்க இன்னும் ஒன்றரை மாதம் இருக்கிறது" என்று மட்டும் சொன்னார்.

வழியில் மெல்ல மெல்ல விளக்கினார். அந்தத் தீவில் ஓர் ஆறு கிடையாது. எவ்வளவு பெய்தாலும் வெடிப்பும் துளையுமான எரிமலைக் கல் அவ்வளவையும் உறிஞ்சிவிடும். கூரையில் விழுவதைத் தொட்டியில் பிடித்து வைத்துக்கொண்டால்தான் உண்டு. 2005இல் கர்தாலா இரு முறை சாம்பலைக் கக்கியபோது தொட்டிகளெல்லாம் பாழாகிப் பல்லாயிரம் பேர் குடிநீரின்றி அல்லாடினார்களாம். அப்போது அவர் சிறுவர். அவருடைய தாயார் துணியில் நீரை வடிகட்டியது அவருக்கு நினைவிருக்கிறது.

மறுநாள் வடமுனையில், கடலை ஒட்டிய எரிமலை வாயில் நிறைந்திருக்கும் உப்பேரியைக் காட்டினார். அங்கே முன்பு ஓர் ஊர் இருந்ததென்றும், தாகத்தோடு வந்த வழிப்போக்கருக்கு அவ்வூரார் தண்ணீர் மறுத்ததால் ஊரே மூழ்கியதென்றும், கொடுத்த ஒரு பெண் மட்டும் தப்பினாளென்றும் கதை சொல்கிறார்கள். நாம் ஏரியைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் வாய் திறவாமல் நின்றோம். கேட்டதற்கும் மேலாகப் பெற்றுக் கல்லில் கொட்டிய வழிப்போக்கரைப் பற்றி அக்கதையில் ஒன்றுமில்லை.

தீவை விட்டுப் புறப்படுவதற்கு முதல்நாள், மொரோனியில் நான்கு பெரிய கேன்களில் தண்ணீர் வாங்கிக்கொண்டு மீண்டும் அந்தப் பாதையில் சென்றோம். ஓட்டுநர் இம்முறை இரண்டு மாற்று டயர்கள் கொண்டுவந்திருந்தார். வீடு பூட்டிக் கிடந்தது. மூதாட்டி மலைமேலுள்ள ஊரில் மகள் வீட்டிற்குப் போயிருப்பதாக ஒரு சிறுவன் சொன்னான். தொட்டியின் மூடிமேல் கருங்கல் ஒன்று பாரமாக வைக்கப்பட்டிருந்தது. கேன்களை அதன் நிழலில் வைத்துவிட்டுத் திரும்பினோம்.