நடையில் சுழன்ற சக்கரம்

அமெரிக்கச் சுற்றுச்சூழல் அறிஞர் டொனெல்லா மெடோஸ் எழுதியவற்றில் ஒரு மீட்டர் கதை உண்டு. ஆம்ஸ்டர்டாமுக்குப் பக்கத்தில் ஒரே சமயத்தில் கட்டப்பட்ட, ஒரே மாதிரியான வீடுகள். ஏனோ சில வீடுகளில் கரண்ட் மீட்டரை நிலவறையில் மாட்டிவிட்டார்கள். மற்றவற்றில் வாசல் நடையில். நடையில் மாட்டிய வீடுகளில் மின்சாரம் 30 சதவீதம் குறைவாகச் செலவானதாம். யாரும் உபதேசம் செய்யவில்லை. போகிற வருகிற வழியில் மீட்டரின் சக்கரம் சுழல்வது கண்ணில் பட்டது, அவ்வளவுதான். எழுபதுகளின் தொடக்கத்தில் டென்மார்க்கில் ஒரு கூட்டத்தில் அவர் கேட்ட கதை. கூட்டங்களில் சொல்லப்படும் கதைகளைப் பாதி தள்ளுபடி செய்துதான் நான் எடுத்துக்கொள்வது. இதை மட்டும் முழு விலைக்கு வாங்கினேன். காரணம், பெரியப்பா.

எங்கள் வீட்டிலும் மீட்டர் நடையில்தான் இருந்தது. கண்ணாடிக்குள் கிடையாக ஒரு அலுமினியச் சக்கரம், விளிம்பில் ஒரு கறுப்புக் கோடு. முகப்பில் ஒரு யூனிட்டுக்கு 600 சுற்று என்று போட்டிருக்கும். இந்த ஒரு தகவல் போதாதா, ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாருக்கு? கைக்கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு, கோடு திரும்பி வரும் நேரத்தை அளப்பார். வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு 60 வாட் குண்டு பல்பு ஒன்றை மட்டும் போட்டால் ஒரு சுற்றுக்கு 100 விநாடி. 750 வாட் இஸ்திரிப் பெட்டிக்கு எட்டே விநாடி. "பறக்குது பார், பறக்குது பார்" என்பார். டியூப் லைட்டில்தான் அவருடைய மகத்தான கண்டுபிடிப்பு நிகழ்ந்தது. 40 வாட் என்றால் 150 விநாடி ஆக வேண்டும். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. மறுபடி அளந்தார், மறுநாளும் அளந்தார். கடைசியில் குற்றவாளி அகப்பட்டது: சோக். "நாற்பதுன்னு எழுதி வித்துட்டு, இவன் தனியா பந்தி போட்டுச் சாப்பிடறான்" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

பெரியம்மாவுக்கு இந்த விஞ்ஞானத்தில் மரியாதை இல்லை. "சக்கரம் தெரியறதுக்காக நடையில ஒரு லைட்டு எரியுதே, முதல்ல அதை அணைங்க" என்பாள்.

அந்த மாதிரிச் சக்கரத்தை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் ஹங்கேரிக்காரர் ஓட்டோ பிளாத்தி. புடாபெஸ்டின் கான்ஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், 1889இல் காப்புரிமை வாங்கினார். அலுமினியத்தைக் காந்தம் இழுக்காது. ஆனால் இரண்டு கம்பிச் சுருள்கள் அதற்குள் சுழல் மின்னோட்டத்தை உண்டாக்கித் தள்ளுகின்றன, ஒரு நிலைக்காந்தம் பிடித்து நிறுத்தப் பார்க்கிறது. அந்த இழுபறியில்தான் வேகம், செலவாகும் மின்சாரத்துக்குச் சரியாகப் பொருந்துகிறது. கறுப்புக் கோடு மீட்டரைச் சோதிக்கிறவர் சுற்றை எண்ணுவதற்காகப் போட்டது. வீட்டுக்காரருக்கு யாரும் எதையும் காட்ட நினைக்கவில்லை. எனக்குப் பிடித்ததே அதுதான்.

இப்போது இருப்பது எலக்ட்ரானிக் மீட்டர். யூனிட்டுக்கு 3200 முறை ஒரு சிவப்புப் பொட்டு மின்னும். துல்லியம் கூடிவிட்டது, பார்க்கத்தான் ஆளில்லை. அடுக்குமாடி வீடுகளில் மீட்டர்கள் எல்லாம் கீழ்த்தளத்தில், கம்பிக் கதவுக்குள் வரிசையாக நிற்கின்றன; டச்சு நிலவறை நம் ஊருக்கு வந்துவிட்டது. தகவலோ இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, எல்லாம் எரிந்து முடிந்த பிறகு. 500 யூனிட்டைத் தாண்டினால் அதற்குக் கீழே உள்ள யூனிட்டுகளுக்கும் சேர்த்து விலை ஏறுகிற ஊரில், 480ஐ எட்டிய அன்றைக்கல்லவா யாராவது வந்து காதைத் திருக வேண்டும்?

கலிபோர்னியாவின் சான் மார்கோஸில் ஆய்வாளர்கள் வேறு வழி பார்த்தார்கள். ஏறக்குறைய 290 வீடுகளின் கதவில், உங்கள் செலவு இவ்வளவு, அக்கம்பக்கத்தின் சராசரி இவ்வளவு என்று சீட்டு மாட்டினார்கள். 2007இல் முடிவு வெளியானது. சராசரிக்கு மேலே இருந்தவர்கள் குறைத்தார்கள். சிக்கனமாக இருந்தவர்களோ கூட்டிவிட்டார்கள்! ஊரே அனுபவிக்கும்போது நாம் மட்டும் ஏன் புழுங்க வேண்டும் என்று தோன்றியிருக்கும். சீட்டில் ஒரு சிரித்த முகமும் வரைந்து கொடுக்கப்பட்ட சிக்கனக்காரர்களிடம் மட்டும் அந்த ஏற்றம் இல்லை. படித்த, கடன் கட்டுகிற, வளர்ந்த மனிதர்கள். இரண்டு புள்ளி, ஒரு வளைகோடு!

அடுத்த ஆண்டு உளவியலாளர் ஜெசிக்கா நோலனும் சகாக்களும் இன்னொன்று சொன்னார்கள். ஏன் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறீர்கள் என்று கேட்டால், சுற்றுச்சூழல், பணம் என்றெல்லாம் அடுக்குகிறார்கள். அக்கம்பக்கத்தைப் பார்த்து என்பதைக் கடைசியில் வைக்கிறார்கள். கதவில் மாட்டிப் பார்த்தபோது அதிகம் வேலை செய்தது அந்தக் கடைசிக் காரணம்தான்.

எங்கள் தெருவுக்கு இது புதிதில்லை. ரீடிங் எடுக்கிறவர் வந்து போன சாயங்காலம், "உங்களுக்கு எவ்வளவு வந்துது?" என்று எதிர்வீட்டு அக்கா கேட்பார். பெரியம்மா கொஞ்சம் குறைத்துச் சொல்வாள். அக்காவும் குறைத்துத்தான் சொல்கிறார் என்பது பெரியப்பாவின் திடமான கருத்து. அவர்கள் வீட்டு நடையிலும் மீட்டர் உண்டு; பேப்பர் இரவல் வாங்கப் போகிற சாக்கில் அவர் கடிகாரத்தோடுதான் போவார்.