அப்பாவுக்கு ஒரு பழைய ஜீப்: முதல் கியர் கணக்கு

ஹைதராபாத் வந்து பதினோரு வருஷம் ஆச்சு. பேங்க் உத்தியோகம், ரெண்டு பிள்ளைங்க, வாடகை வீடு. ஆயிரம் கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம், போடிக்கு மேலே மலையில அப்பா தனியா ஏலத்தோட்டத்தைப் பார்த்துக்கிட்டு இருக்கார். வயசு 73. "கீழ வந்துடுங்கப்பா"ன்னா கேட்க மாட்டார். தார் ரோடு முடிஞ்ச பிறகு நாலு கிலோமீட்டர் கல்லும் சகதியும்தான். ஐப்பசி மழையில வாடகை ஜீப்காரங்களே வர யோசிக்கிறாங்க. ராத்திரியில அவருக்கு ஒண்ணுன்னா யார் கீழ இறக்குவா? ஊர்ல பெரியவங்களை விட்டுட்டு வந்த எல்லாருக்கும் இந்தக் கேள்வி தெரியும். அதான் செகண்ட் ஹேண்ட்ல ஒரு ஃபோர் வீல் டிரைவ் வாங்கி தோட்டத்துலயே நிறுத்திடலாம்னு முடிவு பண்ணேன்.

தேட ஆரம்பிச்சா, விக்கிறவங்க எல்லாரும் முதல்ல சொல்றது "அஞ்சு கியர் சார், ஆறு கியர் சார்". ஹைவேல போறதுக்கு மேல் கியர் வேணும், சரி. மலைக்கு வேண்டியது முதல் கியரும் லோ ரேஞ்சும்தானே? நான் படிச்சது பி.காம். ஆனா இதுக்குப் பெருக்கல் தெரிஞ்சா போதும்.

அப்பா ஒரு காலத்துல எஸ்டேட்டுல ஓட்டினது சி.ஜே. 3பி ஜீப். அமெரிக்காவுல 1953-ல வந்த வில்லிஸ் மாடல், இங்க மகிந்திரா தயாரிச்சது. மூணே கியர். முதல் கியர் 2.798, லோ ரேஞ்ச் 2.46, ஆக்ஸில் 5.38. மூணையும் பெருக்கினா 37. அதாவது எஞ்சின் 37 சுத்து சுத்தினா சக்கரம் ஒரு சுத்து. 2023-ல இந்தியாவுக்கு வந்த மாருதி ஜிம்னிக்கு அஞ்சு கியர். 4.425, 2.002, 4.09, பெருக்கினா 36 சொச்சம். எழுபது வருஷம் கழிச்சும் மலை ஏற அதே கணக்குதான்! கூடின கியரெல்லாம் வேகத்துக்கும் சொகுசுக்கும்தான்.

ஒரு வித்தியாசம் உண்டு. பழைய ஜீப்புல முதல் கியருக்கு சிங்க்ரோமெஷ் கிடையாது. வண்டி நின்ன பிறகுதான் ஒழுங்கா விழும், இல்லேன்னா டபுள் கிளட்ச் அடிக்கணும். அப்பாவுக்குப் பழக்கம் இருக்கு, இடது முழங்கால்தான் ஒத்துழைக்காது :-)

புது ஜிம்னி நம்ம பட்ஜெட்டுக்கு எட்டாது. மிச்சம் ரெண்டுதான். மாருதி ஜிப்ஸி 1985-ல நாலு கியரோட வந்தது. 1996-ல ஜிப்ஸி கிங், 1.3 லிட்டர், அஞ்சு கியர். பொதுமக்களுக்கான விற்பனை 2019-ல நின்னுபோச்சு. இன்னொண்ணு 2010-ல வந்த பழைய தார், 2.5 லிட்டர் டீசல், அதுவும் அஞ்சு கியர். தார்ல 247 நியூட்டன் மீட்டர் இழுவை 1800 ஆர்.பி.எம்.லயே கிடைக்குது. ஜிப்ஸியில 103-தான், அதுவும் 4500-ல. அதனால ஜிப்ஸியில அடிக்கடி கியர் மாத்தணும். ஆனா அது ஒரு டன் சொச்சம் எடைதான், கிளட்சும் லேசு. தங்கமணி ரெண்டையும் ஓட்டிப் பார்த்துட்டு "மாமா காலுக்கு இதுதான்"னு ஜிப்ஸியைக் காட்டினாங்க.

கடன் கேட்டு வர்றவரோட பேலன்ஸ் ஷீட்டை மட்டும் பார்த்து நாங்க கையெழுத்துப் போடுறதில்ல, குடோனுக்கே போய் சரக்கை எண்ணுவோம். வண்டிக்கும் அப்படித்தான். பழக்கமான மெக்கானிக் பாய் சொல்லிக் கொடுத்தது இது:

நியூட்ரல்ல நிக்கும்போது சத்தம் வந்து, கிளட்ச்சை மிதிச்சா நின்னா, கியர்பாக்ஸ் பேரிங். மிதிக்கும்போது மட்டும் வந்தா கிளட்ச் பேரிங்.

மூணுல இருந்து ரெண்டுக்கு இறக்குங்க. கரகரன்னா சிங்க்ரோ தேய்ஞ்சிருக்கு.

இறக்கத்துல ரெண்டாவது கியர்ல ஆக்ஸிலேட்டரை விடுங்க. கியர் ராடு தானா நியூட்ரலுக்குத் துள்ளினா, அந்த வண்டி வேண்டாம். மலையில பிரேக்கோட பாதி வேலையைச் செய்யறது கியர்தான்.

நாலாவது கியர்ல 40-ல அழுத்துங்க. எஞ்சின் கத்தி, வேகம் ஏறலைன்னா கிளட்ச் போச்சு.

ஃபோர் வீல் லோவை மண் தரையில மட்டும் போட்டுப் பாருங்க. இந்த வண்டிகள்ல நடுவுல டிஃபரன்ஷியல் இல்ல, தார் ரோட்டுல திருப்பினா உள்ளே இறுகிக்கும்.

கியர் ஆயில் பால் மாதிரி இருந்தா உள்ளே தண்ணி போயிருக்கு.

பெரிய டயர் மாட்டின ஒரு ஜிப்ஸி பார்க்க சினிமா ஹீரோ மாதிரி இருந்தது. டயர் விட்டம் பத்து சதவீதம் கூடினா நாம போட்ட பெருக்கலும் கிட்டத்தட்ட அந்த அளவு குறையும், கிளட்ச்தான் அடி வாங்கும். வேண்டாம்னுட்டேன். ரெண்டாவதா பார்த்த 2013 மாடலுக்குப் பெயின்ட் மங்கல், ஆனா எல்லா சோதனையும் பாஸ். அதுக்குத்தான் அட்வான்ஸ் கொடுத்தேன்.

கடைசியா பேங்க்காரன் புத்தி. ஆர்.சி.யில எஞ்சின் நம்பரும் சேசிஸ் நம்பரும் இருக்கும், கியர்பாக்ஸ் மாத்தினது அதுல தெரியாது. சர்வீஸ் பில்லைக் கேளுங்க. கடன் பாக்கி இருந்தா ஃபார்ம் 35 வாங்குங்க. ஊருக்குக் கொண்டு போறதா இருந்தா இங்க என்.ஓ.சி. எடுக்கணும். 12 மாசத்துக்கு மேல அங்க வெச்சிருந்தா தமிழ்நாட்டு நம்பர் கட்டாயம், அங்க வரியும் கட்டணும். அந்தச் செலவையும் சேர்த்துதான் விலை பேசணும்.