கயிறு பிடிப்பவர்

பிள்ளையின் இடுப்பில் கயிற்றைக் கட்டி முடித்ததும், மறுமுனையை அதன் வீட்டிலிருந்து வந்தவர் கையில் கொடுத்துவிடுவேன். அப்பாவோ அத்தையோ தாய்மாமனோ, யாராக இருந்தாலும் சரி. பிறகுதான் நான் தண்ணீரில் இறங்குவேன். பெரம்பலூர்ப் பக்கத்துக் கிணறுகளில் இத்தனை வருஷமாக நீச்சல் சொல்லிக்கொடுக்கிறேன். என் முதல் பாடம் எப்போதும் மேலே நிற்கும் அந்த ஆளுக்குத்தான்.

கயிற்றை விறைப்பாகப் பிடித்தால் பிள்ளை அதிலேயே தொங்கும். தண்ணீர் தன்னைத் தாங்குகிறது என்பதை அதன் உடம்பு கண்டுகொள்ளவே கொள்ளாது. ரொம்பத் தொய்ய விட்டால் காலில் சுற்றிக்கொள்ளும். ஒரு முழம் தளர்வு இருக்க வேண்டும், பிள்ளை நகர நகரக் கயிறும் கூடவே நகர வேண்டும். மாடு பிடித்துப் பழகியவர்களுக்கு இது ஒரே நாளில் வந்துவிடுகிறது. மூக்கணாங்கயிற்றைச் சுண்டாமல் மாட்டோடு நடக்கத் தெரிந்த கை அது. பயந்த கைக்கு ஒரு வாரம் ஆகும். அந்தக் கையின் நடுக்கம் கயிறு வழியாகவே பிள்ளையின் இடுப்புக்கு வந்து சேரும். உள்ளே நின்று பிள்ளையைத் தாங்கும் எனக்கு அது தெரியும்.

அடுத்தது பேச்சு. மேலே நிற்பவர்கள் பதறினால் ஒன்றையே கத்துவார்கள்: "தலையத் தூக்கு, தலையத் தூக்கு!" தலையைத் தூக்கினால் இடுப்பும் காலும் கீழே போகும். மூச்சு நிறைந்த நெஞ்சு தானாகவே மிதக்கும். தலையின் கனத்தையும் தண்ணீரிடமே ஒப்படைத்தால்தான் கால் மேலே வரும். அதனால் நான் "மூஞ்சியத் தண்ணில வையி" என்பேன். அம்மா அதற்கு நேர்மாறாகக் கூப்பிடுவார். பிள்ளை அம்மா பேச்சைத்தான் கேட்கும். அதைக் குற்றம் சொல்ல முடியாது. அதனால் இறங்குவதற்கு முன் எல்லோரும் உட்கார்ந்து மூன்றே சொல்லுக்கு ஒப்புக்கொள்கிறோம்: படு, உதை, ஊது. பாடம் முடியும்வரை மேலிருந்தும் கீழிருந்தும் வேறு சொல் கிடையாது.

ஊதுவதை வீட்டிலேயே பழக்கிவிடலாம். அண்டாவில் தண்ணீர் பிடித்து, முகத்தை வைத்து, வாயால் குமிழி விடச் சொல்ல வேண்டும்; பக்கத்திலேயே உட்கார்ந்து அம்மா எண்ண வேண்டும். ஒரு வாரம் இதைச் செய்துவிட்டு வரும் பிள்ளை முதல் நாளே என் தோளை விட்டுவிடும். வயதுக்கு வந்த பெண்களை அனுப்பத் தயங்கும் வீடுகளிலும், "கயிறு உங்க கையிலதான்மா இருக்கும்" என்று சொன்ன பிறகு நிறைய அம்மாக்கள் மகளைக் கூட்டிக்கொண்டு விடிகாலையில் வந்திருக்கிறார்கள்.

ஆரம்பத்தில் நான் இப்படி இல்லை. வீட்டார் பக்கத்தில் இருந்தாலே தொல்லை என்று தூரப் போகச் சொல்லிவிடுவேன். அப்போது என்னிடம் நன்றாக நீந்திக்கொண்டிருந்த ஒரு பையன், பொங்கல் விடுமுறைக்குப் பிறகு படிக்கல்லை விட்டு இறங்கவே மாட்டேன் என்றான். வீட்டில் பாட்டி ராத்திரிதோறும் கிணறு ஆளை இழுத்துக்கொண்ட கதையைச் சொல்லியிருக்கிறார். கோபத்தோடு போய்ப் பாட்டியிடம் கேட்டேன். அவருடைய தம்பி பன்னிரண்டு வயதில் கிணற்றில் போனவர். காப்பாற்றக் குதித்த பெரியப்பாவும் மேலே வரவில்லை. நான் திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்குப் பிறகு எந்த வீட்டாரையும் தூரப் போகச் சொன்னதில்லை.

அவர் சொன்னதில் இருந்த உண்மை இன்றும் மாறவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2021-ல் மட்டும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். வங்கதேசக் கிராமங்களில் சின்னக் குழந்தைகள் பெரும்பாலும் வீட்டை ஒட்டிய குட்டையில், பெரியவர்கள் வேலையில் மூழ்கியிருக்கும் முற்பகலில்தான் போகிறார்கள் என்று கண்டுபிடித்தார்கள். அங்கே குட்டையிலேயே மூங்கில் மேடை கட்டி நீச்சல் கற்பிக்கிறார்கள். 25 மீட்டர் நீந்த வேண்டும், 30 விநாடி மிதக்க வேண்டும் என்பது அவர்கள் வைத்திருக்கும் அளவு. நானும் அதையே வைத்துக்கொண்டேன். மீட்டரைக் கிணற்றுச் சுற்றாக மாற்றிக்கொண்டேன், அவ்வளவுதான்.

கிணற்றில் தேறியவனுக்குக் கொள்ளிடம் தெரியாது. இதைப் பையனிடம் சொல்வதோடு நிறுத்தக் கூடாது, அப்பாவிடமும் அம்மாவிடமும் சொல்ல வேண்டும். ஆடிப்பெருக்குக்குத் திருமழபாடிப் பக்கம் குடும்பத்தோடு போகும்போது, மணல் அள்ளிய பள்ளம் எங்கே இருக்கிறது என்று மேலேயிருந்து பார்த்தால் தெரியாது. அரியலூர்ப் பக்கத்தில் கைவிட்ட சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் தண்ணீர் நீலமாகக் கிடந்து ஆசை காட்டும்; ஓரமெல்லாம் செங்குத்து, பிடித்து ஏறப் படிக்கல் கிடையாது. எங்கள் கிணற்றிலேயே மோட்டார் இணைப்பைத் துண்டித்து, ஃபியூஸைக் கழற்றி ஒரு பெரியவர் மடியில் வைத்துக்கொண்ட பிறகுதான் யாரையும் இறக்குவேன். வெயில் காலத்தில் மேல்தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும், ஓர் ஆள் ஆழத்தில் சில்லென்று பிடிக்கும். அந்தச் சில்லிப்பில் பிள்ளை திடுக்கிட்டு மூச்சை இழுக்கும் என்பதையும் கயிறு பிடிப்பவர் தெரிந்திருக்க வேண்டும்.

மூழ்குபவர் சினிமாவில் வருவது போலக் கத்துவதில்லை. வாய் தண்ணீருக்கு மேலே வரும் அந்தக் கணம் மூச்சுக்கே போதாது. கூப்பிட ஏது நேரம்? சத்தமில்லாமல் போய்விடுவார். பார்த்தவர் பதறிக் குதிப்பார், அவரைப் பிடிக்க இன்னொருவர். அதனால் கடைசி வாரம் நீச்சலே கிடையாது. வீட்டார் எல்லோரும் வரிசையாக நின்று, மூடி இறுக்கிய பத்து லிட்டர் காலி கேனைக் கயிற்றோடு வீசிப் பழகுவோம். கேன் இல்லாத இடத்தில் வேட்டி, புடவை. இறங்காதே, எறி. வெளியே எடுத்தவரைத் தோளில் போட்டுச் சுற்றக் கூடாது, வயிற்றை அமுக்கக் கூடாது. மூச்சில்லை என்றால் உடனே வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும், நெஞ்சை அழுத்த வேண்டும், ஒருவர் 108-ஐக் கூப்பிட வேண்டும்.

பேரன் தேறிய வாரம் அந்தப் பாட்டியும் வந்தார். "எனக்கும் எறியச் சொல்லிக் குடு தம்பி" என்றார். முதல் கேன் பின்பக்கம் சோளக்கொல்லையில் விழுந்தது. அடுத்த நான்கும் சுவரில் மோதின. ஆறாவது, மிதந்துகொண்டிருந்த என் நெஞ்சுக்கு ஒரு சாண் பக்கத்தில் வந்து விழுந்தது. நான் பிடித்துக்கொண்டேன். அவர் இழுத்து என்னைப் படிக்கல் வரை கொண்டுவந்தார். பிறகு குனிந்து, கேனின் காதில் போட்டிருந்த முடிச்சை அவிழ்த்து, தன் கையால் இன்னொரு முறை கட்டினார்.