காணாத புண்

புறத்தே பட்ட காயத்திலிருந்து குருதி பாயுமாயின் எவரும் அதனைக் கையால் அழுத்தி நிறுத்த முற்படுவர். இரைப்பையினுள்ளே புண் வெடித்துக் குருதி பெருகும்போது அது இயலாது. வாயாற் குருதி கக்குபவனும் அவனருகே நிற்பவரும் விளைவை மட்டுமே காண்பர். அது பிறக்கும் இடத்தைக் காணார். நெடுங்காலம் வைத்தியரின் நிலையும் இதுவே. குருதியேற்றிப் பார்ப்பர், நில்லாவிடின் வயிற்றைக் கீறித் தேடுவர். குருதியிழந்து தளர்ந்த உடல் அக்கீறலையும் தாங்கவேண்டியிருந்தது.

உள்ளே நோக்கும் முயற்சி புதியதன்று. 1868இல் ஜேர்மனியில் குஸ்மோல் என்னும் மருத்துவர், வாள் விழுங்கும் வித்தைக்காரன் ஒருவனின் தொண்டைவழியே நேரான குழாயொன்றைச் செலுத்திப் பார்த்தார். ஆயின், நோயாளர் யாவரும் வித்தைக்காரர் அல்லரே! குழாய் வளையவேண்டும், அதனோடு ஒளியும் வளைந்து செல்லவேண்டும்.

1954இல் ஹொப்கின்ஸ், கபானி ஆகிய இருவரும் கண்ணாடி நார்க்கற்றையின் வழியே உருவத்தைக் கடத்தலாம் எனக் காட்டினர். எனினும், ஒன்றையொன்று தொட்ட நார்களிடையே ஒளி கசிந்தது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பசில் ஹிர்ஷோவிற்ஸ் என்னும் மருத்துவர் இக்குறையைத் தீர்க்க முயன்றபோது அவருக்குத் துணைநின்றவர் லோறன்ஸ் கேர்ட்டிஸ். அவர் அப்போது முதற்பட்டத்துக்குப் பயின்றுகொண்டிருந்த பௌதிகவியல் மாணவர். 1956இன் இறுதியில் அவர் கண்ணாடிக் கோலொன்றை வேறுவகைக் கண்ணாடிக் குழாயினுள் இட்டு, உருக்கி, நாராக இழுத்தார். புறக்கண்ணாடி உறையாக அமைந்து ஒளியை உள்ளேயே காத்தது. 1957 பெப்ரவரியில் ஹிர்ஷோவிற்ஸ் புதிய கருவியை முதலிலே தம் தொண்டையினுள்ளேயே செலுத்திக்கொண்டார். சில நாட்களின் பின்னரே நோயாளி ஒருவருக்குச் செலுத்தினார்.

கண் சென்ற வழியே பின்னர் கையும் சென்றது. புண்ணின் அருகே அட்றீனலின் மருந்தை ஊசியாற் செலுத்தவும், வெப்பத்தாற் சுடவும், சிறு உலோகக் கவ்வியால் நாடியைப் பற்றவும் மருத்துவர் கற்றனர். ஈரல் நோயினால் உணவுக்குழாயிற் புடைத்துக் கசியும் நாளங்களை இறப்பர் வளையமிட்டு இறுக்கினர். இன்று நார்க்கற்றையின் இடத்தைப் பெரும்பாலும் நுண்ணிய கமெரா பெற்றுவிட்டது. ஆயினும், முதலிற் காணவேண்டும், பின்னரே நிறுத்தவேண்டும் என்னும் முறை மாறவில்லை.

நள்ளிரவில் வைத்தியசாலை விறாந்தையிற் காத்திருக்கும் உறவினர் அம்மாணவரின் பெயரை அறியார், அறியவேண்டியதுமில்லை. அவர்களுக்கு வேண்டுவது அக்கருவியும் அதனைக் கையாளத் தெரிந்த ஒருவரும் அவ்வேளையில் அங்கிருப்பதே. அவ்விரண்டும் எட்டாத ஊரிலே அது இன்றும் காணாத புண்ணே.