அய்யா போட்டுவிட்டு வந்த கொட்டு

எங்க அய்யா கொட்டடிப்பதை நிறுத்தியது 1983இல். அப்போது எனக்கு எட்டு வயசு. விளாத்திகுளத்துக்குத் தெற்கே கரிசக்காட்டுக் கிராமம் எங்களுடையது. ஊருக்குள் துட்டி விழுந்தால் முதல் ஆள் எங்கள் தெருவுக்குத்தான் வரும். பக்கத்து ஊர்களுக்குத் துட்டி சொல்லப் போகணும். பந்தலுக்கு முன்னால் பொழுதுக்கும் நின்று அடிக்கணும். சுடுகாடு வரைக்கும் முன்னால் போகணும். கூலி என்று வாயைத் திறக்கக் கூடாது, கொடுத்ததைக் கையேந்தி வாங்கிக்கொள்ளணும். ஒருதடவை அய்யாவுக்குக் கடுமையான காய்ச்சல். வரமுடியாது என்று சொல்லி அனுப்பினார். ஆள் வந்து இழுத்துக்கொண்டு போனார்கள். காய்ச்சலோடு நின்று அடித்தார். மறுநாள் ராத்திரி எங்களையெல்லாம் கூட்டிக்கொண்டு தூத்துக்குடிக்கு பஸ் ஏறிவிட்டார். கொட்டைக் கண்மாய்க் கரையில் போட்டுவிட்டு வந்தார். "கெடந்து மக்கட்டும்" என்றார். அதற்கப்புறம் அதைப்பற்றி அவர் வாயிலிருந்து ஒரு சொல் வந்ததில்லை.

தூத்துக்குடி என்றால் புத்தகத்தில் முத்துக்குளிப்பு என்று எழுதியிருக்கும். நாங்கள் வந்தபோது அதெல்லாம் முடிந்துபோய் வருசக்கணக்கு ஆகியிருந்தது. எங்களுக்குக் கிடைத்த வெள்ளை, உப்புதான். அய்யாவும் அம்மாவும் முப்பது வருசம் அளத்தில் உப்பு வாரினார்கள். காலெல்லாம் வெடிப்பு. வெயிலில் பாத்தியைப் பார்த்துப் பார்த்து அய்யாவுக்குக் கண் மங்கிவிட்டது. "இங்க கண்ணுதான் போச்சு, ஊர்ல இருந்தா மானமும்லா போயிருக்கும்" என்பார்.

நான் படித்து, துறைமுகத்துப் பக்கம் ஒரு எடைமேடையில் லாரிக்குச் சீட்டுப் போடும் வேலைக்கு வந்தேன். கட்சிக்காரன் இல்லை, எழுத்தாளன் இல்லை. பாட்டுக் கேட்கிறவன். சினிமாப் பாட்டு எனக்கு ஒட்டவில்லை. தொண்ணூறுகளில் கலை இரவு எங்கே நடந்தாலும் போய் மண்ணில் உட்கார்ந்துவிடுவேன். கே.ஏ. குணசேகரன் பாடிய பாட்டுகளை ஒலிநாடாவில் போட்டுத் தேய்த்தேன். 1968 வெண்மணிக் கொலையை நினைத்து இன்குலாப் எழுதிய 'மனுசங்கடா' பாட்டை அவர் குரலில் கேட்டபோது, நம்ம தெருவில் பிறந்த ஒரு ஆள் பேராசிரியராகவும் இருந்துகொண்டு இப்படித் தொண்டை கிழியப் பாடுகிறாரே என்று புல்லரித்தது. 1995 ஆகஸ்டில் கொடியன்குளத்தில் போலீஸ் புகுந்து வீடு வீடாக அடித்து நொறுக்கிய பிறகு அந்த ஒலிநாடாவை ஓடவிடாத நாளில்லை.

ஆனால் டேப்பில் பறைச் சத்தம் வந்ததும் அய்யா எழுந்து வெளியே போய்விடுவார். நான் கவனிக்காததுபோல் இருந்துவிடுவேன்.

அந்தக் காலத்தில் தோழர்கள் 'பறை நம் விடுதலைக் கருவி' என்று பேசினார்கள். இழிவென்று சொல்லிக் கொட்டை எரிக்கணும் என்று சிலர், போர்முழக்கமாக்கி எடுக்கணும் என்று சிலர். விடிய விடிய விவாதம் நடக்கும். நான் எடுக்கணும் என்கிற பக்கம். துண்டறிக்கைகூட எழுதிக் கொடுத்திருக்கிறேன். வீட்டில் படுத்திருந்த ஒரு மனுசனிடம் கேட்கணும் என்று எனக்குத் தோணவில்லை. இன்றைக்கு நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

2018 ஜனவரி 6 சனிக்கிழமை சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவின் முதல் கச்சேரி. பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து கட்டிய குழு. சாதியற்றவர் என்று அயோத்திதாசர் வைத்த கருத்துதான் பெயரானது. முதல்நாள் ராத்திரி முத்துநகர் எக்ஸ்பிரசில் ஏறினேன். அரசு பஸ் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்த வாரம் அது. எழும்பூரிலிருந்து நடந்தே போனேன்.

மேடையில் 19 பேர். எல்லாரும் கோட்டு சூட்டு. அவர்களில் ஒரே பெண், இசைவாணி. கிடாரும் டிரம்ஸும் ஒருபக்கம், சட்டிமேளமும் பறையும் ஒருபக்கம். கானா வந்தது, ராப் வந்தது. இட ஒதுக்கீட்டைப் பற்றிப் பாட்டு, மாட்டுக்கறியைப் பற்றிப் பாட்டு. கம்பெனி வேண்டாம், சினிமா வேண்டாம், நம்ம சங்கதியை நாமே பாடுவோம் என்று நின்றார்கள். சுற்றிலும் பொடியன்கள் ஆடினார்கள். நாற்பத்திரண்டு வயசில் நானும் ஆடினேன். போனில் நாலு நிமிசம் பிடித்து வைத்துக்கொண்டேன்.

அந்த நாலு நிமிசத்தை அய்யா கேட்டது மே மாதம்.

ஸ்டெர்லைட்டை மூடச் சொல்லி நடந்த போராட்டத்தின் நூறாவது நாள், மே 22. கலெக்டர் ஆபீசுக்குப் போன கூட்டத்தைச் சுட்டார்கள். அன்றும் மறுநாளுமாகச் சுட்டதில் 13 பேர் செத்தார்கள். ஊரே அடைத்துக் கிடந்தது. நெட்டையும் நிறுத்திவிட்டார்கள். யார் போனார்கள், யார் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்கள் என்று தெரியாமல் ராத்திரி தூக்கம் வராமல் இருந்தேன். போனில் இருந்தது அது ஒன்றுதான். மெதுவாக ஓடவிட்டேன். அய்யா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார்.

"இது எந்தூருத் துட்டி?"

"துட்டி இல்லய்யா. மெட்ராசுல கச்சேரி. மேடையில வாசிக்காவ."

போனை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"கோட்டு போட்ருக்கானுவ."

"ஆமா."

"கேக்க வந்தவுக எங்க?"

"கீழ நிக்காவ."

"கொட்டடிக்கவன் மேல நிக்கான், கேக்கவன் கீழ நிக்கானா?"

"ஆமாய்யா."

"யாரும் சாவல?"

"இல்ல."

ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு போனைக் கொடுத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். தெருவில் போலீஸ் வண்டி போய்க்கொண்டிருந்தது.

நாங்கள் விடிய விடிய விவாதித்த விசயத்தை அவர் ரெண்டு கேள்வியில் கேட்டுவிட்டார் என்று எனக்குப் பட்டது. கொட்டு இழிவா இல்லையா என்று அவர் கேட்கவில்லை. யார் எங்கே நிற்கிறார்கள் என்றுதான் கேட்டார். எங்கள் ஊரில் என் சித்தப்பா மகனைத் துட்டிக்கு இன்றைக்கும் கூப்பிடுகிறார்கள். இப்போது கூலி உண்டு. நிற்கிற இடம் அதேதான்.

இப்போது என் மகள் கல்லூரியில் படிக்கிறாள். போன வருசம் பறைப் பயிற்சிக்குப் போனாள். எல்லாச் சாதிப் பிள்ளைகளும் வருகிறார்கள் என்றாள். எனக்குச் சந்தோசம். அய்யாதான் ஒருநாள் சொன்னார்: "மத்த பிள்ளையள் அடிச்சா கலைன்னு சொல்லுவாவ. நம்ம பிள்ள அடிச்சா வேற சொல்லுவாவ. யோசிச்சுக்கோ." அவளிடம் அதை அப்படியே சொன்னேன். "தாத்தா சொல்றது சரிதாம்ப்பா" என்றாள். பயிற்சிக்குப் போவதையும் நிறுத்தவில்லை.

கல்லூரி விழாவில் வாசித்தாள். அய்யா வரவில்லை. நானும் கட்டாயப்படுத்தவில்லை.

மழை பெய்த ஒரு நாள் வேலை முடிந்து வந்தேன். அடுப்படிச் சுவரில் மாட்டியிருந்த அவளுடைய பறை முன்வீட்டில் அய்யா கட்டிலுக்கு மேலே தொங்கியது.

"ஏன்யா மாத்துனீய?"

"செவரு ஈரம். தோலு தொங்கிரும்."

"அது தோலு இல்லய்யா. பைபரு."

கையை நீட்டித் தடவிப் பார்த்தார்.

"அப்ப இதுக்குத் தீயே காட்ட வேண்டாமா?"

"வேண்டாம்."

அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. பறை அங்கேயே தொங்குகிறது.