ஏ பக்கம், பி பக்கம்

கடைக்கு வருகிறவர்கள் முதலில் ஒரு காகிதத்தை நீட்டுவார்கள். கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்ததாக இருக்கும், சிகரெட் அட்டையாக இருக்கும், சில நேரம் கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கமாகக்கூட இருக்கும். அதில் பாட்டின் முதல் இரண்டு மூன்று சொற்களும் படத்தின் பெயரும். கீழே 60 அல்லது 90 என்று ஒரு எண். அது கேசட்டின் அளவு. 60 என்றால் பக்கத்துக்கு 30 நிமிடம், 90 என்றால் 45.

1985, 86-ஆம் ஆண்டுகளில் திருநெல்வேலியில் அப்படியொரு பாட்டுப் பதிகிற கடையில் சாயங்காலங்களில் இருந்தேன். கல்லூரி முடிந்து நேரே அங்கே போய்விடுவேன். கடைக்காரரை ஊரே அண்ணாச்சி என்று கூப்பிட்டது, நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். இசைத்தட்டுகளைத் துடைத்து உறையில் போடுவது, கேசட்டின் அட்டையில் பாட்டுகளை நுணுக்கி எழுதுவது, இவைதான் என் வேலை. எந்தப் பாட்டுக்குப் பிறகு எந்தப் பாட்டு என்பதை மட்டும் அண்ணாச்சி யாரிடமும் விடமாட்டார். காகிதத்தில் எழுதியிருக்கும் வரிசையில் அவர் பதிந்து நான் பார்த்ததே இல்லை.

காகிதத்தை வாங்கியதும் அவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான். “எங்கன வச்சுக் கேக்கப் போறீங்க?” வீட்டிலா, கடையிலா, லாரியிலா, ராத்திரியா, பகலா. சோகப் பாட்டு வேணும், ஜாலிப் பாட்டு வேணும் என்று யாராவது சொன்னால் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வார், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார். மனசு பத்து நிமிஷத்தில் மாறிவிடும், இடமும் நேரமும் அப்படி மாறாது என்பது அவர் கணக்கு.

இன்று ஃபோனைத் திறந்தால் பாட்டுகளைக் குணத்தின் பேரால் கட்டிக் கட்டி வைத்திருக்கிறார்கள். மெலடி, சோகம், காதல் தோல்வி, எண்பதுகள், தொண்ணூறுகள். அவற்றை நானும் கேட்கிறேன். நல்ல பாட்டுகள் வருகின்றன. ஆனால் மூன்றாவது நான்காவது பாட்டில் எங்கோ ஒரு கல் தட்டுகிறது. பாட்டில் குறையில்லை. அது வந்து நிற்கிற இடம் அதற்குரியதாக இல்லை.

வேளையைப் பார்த்துப் பாட்டைத் தேர்வது அண்ணாச்சி கண்டுபிடித்ததில்லை. தேவாரப் பண்களையே பகற்பண், இராப்பண், பொதுப்பண் என்றுதான் பிரித்து வைத்திருக்கிறார்கள். விடியலுக்குப் புறநீர்மை, இரவுக்கு மேகராகக்குறிஞ்சி; இன்றைய பேரில் பூபாளமும் நீலாம்பரியும். பெரிய கோயில்களில் நாயனக்காரர்கள் இந்த ஒழுங்கை இன்றும் காக்கிறார்கள். சாமி புறப்பாட்டுக்குக் கம்பீரநாட்டையில் மல்லாரி, பள்ளியறைக்கு நீலாம்பரி. புறநானூற்றின் 149-ஆம் பாட்டு எனக்கு எப்போதும் வியப்பு. வன்பரணர் நள்ளி என்கிற வள்ளலைப் பாடுகிறார். மாலையில் பாட வேண்டிய செவ்வழியை எங்கள் பாணர் காலையிலும், காலைக்குரிய மருதத்தை மாலையிலும் பாடத் தொடங்கிவிட்டார்கள், உன் கொடை அவர்களை அப்படி முறை மறக்க வைத்துவிட்டது என்கிறார். வேளை மாறிப் பாடுவது ஊர் அறிந்த பிழையாக இருந்தால்தான் அது புகழ்ச்சியாக நிற்கும். அந்தப் பாட்டைக் கேட்டவர்கள் அத்தனை பேருக்கும் காலைக்கு எது, மாலைக்கு எது என்று தெரிந்திருந்தது.

எங்கள் ஊர்களில் மைக் செட்டுக்காரர்களுக்கும் அது தெரியும். கல்யாண வீட்டில் விடிகாலை நாலரைக்குக் குழாயில் சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டு. வெளுத்த பிறகு முருகன் பாட்டுகள். பெண் வீடு புகும் நேரம் ‘சாரதா’ படத்தில் மருமகளை வரவேற்கும் பாட்டு. படம் வந்தது 1962-ல், அதன் பிறகு எத்தனை ஆயிரம் பெண்கள் அந்தப் பாட்டோடு நிலைப்படி தாண்டியிருப்பார்கள்! புதுப்படப் பாட்டு எல்லாம் பந்தி முடிந்த பிறகுதான். தாலி கட்டுமுன் ஒரு பையன் ஆசைப்பட்டுப் புதுப்பாட்டைப் போட்டுவிட்டால் பெரியவர்கள் யாராவது எழுந்து மைக் செட்டை நோக்கி நடப்பார்கள்.

வானொலியும் எங்களை அப்படித்தான் பழக்கியது. 1952-ல் பி.வி. கேஸ்கர் அமைச்சராக வந்த பிறகு ஆல் இந்தியா ரேடியோவில் சினிமாப் பாட்டு அருகிப்போக, தென் மாவட்டங்கள் மொத்தமும் இலங்கை வானொலிப் பக்கம் திரும்பின. 1957-ல் விவித பாரதி வந்த பிறகும் எங்கள் பக்கம் இலங்கையின் பிடி தளரவில்லை. கடல் தாண்டி அத்தனை தெளிவாகக் கேட்கும். காலையில் ‘பொங்கும் பூம்புனல்’ என்றால் அதற்கென்று ஒரு துள்ளல் உண்டு. பள்ளிக்கூடம் போகிற அவசரமும் அந்தப் பாட்டுகளும் எனக்குள் ஒன்றாகவே பதிந்திருக்கின்றன. பழைய பாட்டு என்றாலே இரவு என்று பலருக்குத் தோன்றுவதற்கு விவித பாரதியின் ‘தேன்கிண்ணம்’ ஒரு காரணம் என்று நினைக்கிறேன். இரவில் விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டுக் கேட்டு சுசீலாவின் குரலே இருட்டின் குரலாகிவிட்டது.

காலம் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பத்துப் பத்து ஆண்டாகப் பாட்டைப் பிரிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. 1964-ஐ மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரே ஆண்டில் விஸ்வநாதன் – ராமமூர்த்தி ‘கர்ண’னுக்கும் இசையமைத்தார்கள், ‘காதலிக்க நேரமில்லை’க்கும் இசையமைத்தார்கள். ஒன்று வடநாட்டு ராகங்களில் தோய்ந்து நிற்கிறது. மற்றது கிட்டாரும் விசிலுமாகக் கடற்கரைக் காற்றில் பறக்கிறது. அறுபதுகள் என்ற ஒரே உறையில் இரண்டையும் போட்டால் இரண்டுக்கும் அநியாயம். இளையராஜாவின் ‘உதிரிப்பூக்கள்’ 1979, ‘சகலகலா வல்லவன்’ 1982. நடுவில் மூன்றே ஆண்டு. ஆனால் ‘உதிரிப்பூக்க’ளின் ஜானகி பாட்டுக்கு நெருங்கிய சொந்தம் 1961-ல் வந்த ‘பாலும் பழமும்’ படத்து சுசீலா பாட்டுகள்தான். பக்கத்தில் வைத்துக் கேட்டுப் பாருங்கள், அக்காளும் தங்கையும் பேசிக்கொள்கிற மாதிரி இருக்கும்.

வெவ்வேறு காலத்துப் பாட்டுகளைச் சேர்ப்பதில் சிக்கல் ஒலியில்தான் இருக்கிறது. அறுபதுகளில் பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒரே நேரத்தில் ஒரே கூடத்தில் நின்று பதிந்தார்கள். குரல் முன்னால் நிற்கும், வாத்தியம் நாலடி தள்ளி நிற்கும். 1992-ல் ‘ரோஜா’ வந்த பிறகு அடுக்கடுக்காகப் பதியும் முறை ஊன்றிவிட்டது. அடித்தளம் கனத்தது. அதைக் கேட்ட காதோடு உடனே பி.பி. ஸ்ரீனிவாஸுக்குப் போனால் அவர் பக்கத்து வீட்டில் பாடுகிற மாதிரி மெலிந்து தெரிவார். ‘ரோஜா’வுக்கு முந்தியும் இந்த ஏற்ற இறக்கம் இருந்தது, அண்ணாச்சி அதை ‘லெவல்’ என்பார். அவர் டெக்கில் ஒரு முள் ஆடிக்கொண்டிருக்கும். பழைய இசைத்தட்டைப் போடும்போது விரலால் குமிழை ஒரு நூல் கூட்டுவார், புதியதற்கு ஒரு நூல் குறைப்பார். ஒரு பெரியவர் ‘ஹரிதாஸ்’ பாட்டும் சிவாஜி படப் பாட்டும் கலந்து ஒரு கேசட் கேட்டார். அண்ணாச்சி மறுத்துவிட்டார். “பாகவதரைத் தனியா வைங்க. அவரு மைக் இல்லாத காலத்துத் தொண்டை. வேற ஆளைப் பக்கத்துல நிறுத்தினா ரெண்டு பேருக்கும் வசதிப்படாது.” பெரியவர் இரண்டு கேசட் வாங்கிப்போனார்.

லாரி ஓட்டுநர்கள் நிறையப் பேர் வருவார்கள். தூக்கம் வராமலிருக்க வேகமான புதுப்பாட்டு வேண்டும் என்பார்கள். அண்ணாச்சி அவர்களுக்கு அவர்கள் நன்றாக அறிந்த பாட்டுகளையே பதிந்து கொடுப்பார். புதுப்பாட்டைக் காது மட்டும்தான் கேட்கும், தெரிந்த பாட்டு என்றால் வாயும் கூடவே பாடும், வாய் பாடினால் கண் மூடாது என்பார். நோன்பு மாதத்துக்கு நாகூர் ஹனிபா கேட்டு வருகிறவர்களுக்கு அவர் செய்வது வேறு. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் வழக்கத்தைவிட இரண்டு விநாடி கூடுதலாக இடைவெளி விடுவார். சாமிப் பாட்டுக்கும் மாதா பாட்டுக்கும்கூட அதே இரண்டு விநாடி.

பக்கம் முடிகிறபோது பாட்டு பாதியில் அறுபடுவதை அவரால் தாங்கவே முடியாது. அதற்காகக் கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு கூட்டிக் கழிப்பார். மூன்று நிமிடம் நாற்பது, நாலு நிமிடம் இருபது. இடம் குறைவாக இருப்பதுதான் தேர்வு என்பதையே உண்டாக்கியது. 78 சுற்று இசைத்தட்டின் ஒரு பக்கம் மூன்றரை நிமிடம் போலத்தான் ஓடும், அதற்குள் ஒரு பாட்டை முடித்தாக வேண்டும். கேசட்டில் பத்துப் பாட்டு என்றால் பதினோராவதை விட்டாக வேண்டும். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வர்ணத்தில் தொடங்கி மங்களத்தில் முடியும்படி கச்சேரிக்கு ஒரு கட்டு அமைத்துக் கொடுத்தார் என்று பிற்பாடு படித்தபோது எனக்கு அண்ணாச்சியின் முகம்தான் வந்தது. அவர் ஒரு கச்சேரிக்கும் போனவரில்லை.

86-ல் என் மாமா இறந்துபோனார். அப்பாவின் தங்கை வீட்டுக்காரர். காரியமெல்லாம் முடிந்து இரண்டு மாதம் கழித்து அத்தை என்னைக் கூப்பிட்டு, தூக்கம் வர மாட்டேங்குது, பாட்டுக் கேட்டாலாவது கண் அசருமான்னு பார்க்கணும், ஒரு கேசட் போட்டுத் தா என்றாள். நான் உட்கார்ந்து ஒரு வரிசை எழுதினேன். மாமாவுக்குப் பிடித்த டி.எம்.எஸ். பாட்டுகள் ஏழெட்டு, அவருக்குப் பிடித்த ‘ஜானி’ பாட்டு, இரண்டு தாலாட்டு. மாமாவின் நினைவாக இருக்கட்டும் என்று நினைத்தேன். அண்ணாச்சி காகிதத்தை வாங்கிப் பார்த்தார்.

“அத்தை எத்தனை மணிக்கு முழிக்காவ?”

“மூணு மணிக்கு முழிச்சிருதாவளாம். அப்புறம் தூக்கமில்ல.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு பென்சிலை எடுத்து டி.எம்.எஸ். பாட்டுகளை ஒவ்வொன்றாக அடித்தார். ‘ஜானி’யில் ஜானகியின் குரலில் மழையில் நின்று அழைக்கும் பாட்டையும் அடித்தார். “இது வராதவரைக் கூப்பிடுத பாட்டு. மூணு மணிக்கு இத அவங்க கேக்கக் கூடாது.” தாலாட்டும் போனது. பிள்ளையில்லாத வீடு என்று நான் சொல்லியிருந்தேன், நான் அதை யோசிக்கவில்லை, அவர் யோசித்தார்.

ஏ பக்கத்தில் ‘சுமைதாங்கி’யில் ஸ்ரீனிவாஸ் ஆறுதலாகப் பாடும் பாட்டு முதலில் வந்தது. அடுத்து சுசீலா, ‘முள்ளும் மலரும்’ படத்தில் மலைப்பாதையில் வண்டி ஏறும்போது ஜேசுதாஸ் பாடுவது, இப்படி எட்டுப் பாட்டு. சத்தம் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டே போகும்படி குமிழைத் திருகினார். கடைசியில் சொல்லே இல்லாமல் புல்லாங்குழலில் நீலாம்பரி. வார்த்தை இருந்தால் மனசு அதன் பின்னாலேயே போகும் என்றார். நீலாம்பரி முடிந்தபோது இன்னும் ஆறு நிமிட நாடா மிச்சமிருந்தது. இன்னொரு பாட்டு வைக்கலாமே என்றேன்.

“வேண்டாம்ல. பக்கம் முடிஞ்சா டேப்ல அந்தக் கட்டை ‘டக்’குனு எந்திரிக்குமே, அப்பத்தான் கண் அசந்த ஆளு அந்தச் சத்தத்துல முழிச்சிரும். ஆறு நிமிசம் சும்மா ஓடட்டும். அதுக்குள்ள தூக்கம் ஆழப் போயிரும்.”

பி பக்கம் பகலுக்கு. அதில் நாலாவதாக மாமாவின் டி.எம்.எஸ். பாட்டு ஒன்றே ஒன்று. அத்தையாக எழுந்து, கேசட்டைத் திருப்பி, மூன்று பாட்டு கேட்டுவிட்டு, அதற்கும் பிறகு கேட்க மனமிருந்தால் கேட்கட்டும் என்றார். அட்டையில் அந்தப் பாட்டின் பேரை எழுத வேண்டாம் என்று நினைத்தேன். எழுதச் சொன்னார். தெரியாமல் வந்து விழக் கூடாது என்றார்.

அத்தை அந்தக் கேசட்டை ஆண்டுக்கணக்கில் கேட்டாள். ஏ பக்கத்தில் எழுத்தெல்லாம் விரல் பட்டு அழிந்துவிட்டது. பி பக்கத்தை எப்போது போட்டாய் அத்தை என்று ஒருமுறை கேட்டேன். மறு வருஷம் ஆடிக்கு என்றாள், அதற்கு மேல் சொல்லவில்லை. இன்றைக்கும் ‘சுமைதாங்கி’ பாட்டு எங்காவது கேட்டு முடிந்தால், வேறு எந்தப் பாட்டு வந்தாலும் எனக்கு அந்தக் கேசட்டின் இரண்டாவது பாட்டுதான் உள்ளே தொடங்குகிறது.

அத்தை போன பிறகு அவள் பீரோவில் அது கிடைத்தது. சென்னையில் பழைய கேசட்டுகளை ஃபோனில் கேட்கும்படி மாற்றித் தருகிற ஒரு தம்பியிடம் கொடுத்தேன். நல்ல அக்கறையான பையன். நாடாவில் படிந்திருந்த பூஞ்சையைப் பொறுமையாகத் துடைத்து, இரண்டு நாளில் அனுப்பிவிட்டான். ஏ பக்கம் 39 நிமிடம் இருந்தது. ஃபோன் போட்டுக் கேட்டேன்.

“கடைசில பாட்டு ஒண்ணும் இல்ல சார், வெறும் இரைச்சல்தான் ஓடுது. வெட்டிட்டேன்.”

அதையும் சேர்த்தே அனுப்பு தம்பி என்றேன். எதற்கு என்று அவன் கேட்கவில்லை. அன்று இரவே மறுபடி வந்தது. 45 நிமிடம்.